ரத்தம் ஒழுகுவதற்கு மட்டுமல்ல... உறைவதற்கும் பயப்படுங்கள்!

உங்கள் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஒரு எச்சரிக்கை உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "தட்டணு குறைவா இருக்கு. கீழே விழாமப் பார்த்துக்குங்க. அடிபட்டா ரத்தம் நிக்காது." நீங்களும் பல் விளக்க மெத்தென்ற பிரஷ் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். மூக்கைக் குடையாதே, ஓடாதே, சைக்கிள் வேண்டாம் என்று நூறு தடவை சொல்லியிருப்பீர்கள்.

எல்லாம் சரிதான். ஆனால் இதே பிள்ளையின் உடம்பில் இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்றும் இருக்கிறது. ரத்தக் குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டி தட்டிப்போவதுதான் அது! கையில், காலில், நெஞ்சில், ஏன், மூளையில்கூட.

'அதெப்படி? ரத்தம் நிற்காது என்றும் சொல்கிறீர்கள், உறைந்துபோகும் என்றும் சொல்கிறீர்களே!' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் புரிந்துவிட்டால், எந்த அறிகுறியைப் பார்த்ததும் ஓட வேண்டும் என்பதும் தானாகப் புரிந்துவிடும்.

எத்தனை பேருக்கு வருகிறது?

முதலில் பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது 'லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா' என்ற ரத்தப் புற்றுநோய். பெரும்பாலும் 2 வயதிலிருந்து 5 வயதுக்குள் வருகிறது. இன்று இது குணமாக்கக் கூடிய நோய். முழு சிகிச்சையும் தடையில்லாமல் கிடைக்கிற வசதியான நாடுகளில் 10 குழந்தைகளில் சுமார் 9 பேர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு ரத்தம் உறைகிறது? பல நாடுகளில் நடந்த 17 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து, 1752 குழந்தைகளின் விவரங்களை 2006-ல் வெளியிட்டார்கள். அதன்படி 100-க்கு சுமார் 5 பேருக்கு வந்திருக்கிறது. பெரும்பாலும் சிகிச்சையின் முதல் கட்டத்தில், அதாவது முதல் நாலைந்து வாரங்களில். அப்படி வந்ததில் ஏறக்குறைய பாதி, மூளைப் பகுதியில் ஏற்பட்ட அடைப்பு. ஆக, இருபது பிள்ளைகளில் ஒரு பிள்ளை. அபூர்வம் என்று தள்ளிவிடவும் முடியாது, எல்லோருக்கும் வரும் என்று நடுங்கவும் வேண்டாம்.

பிரேக் பிடிக்காத வண்டி

ரத்தம் உறைவதற்கு இரண்டு தரப்பு வேலை செய்கிறது. ஒன்று தட்டணுக்கள். காயம் பட்ட இடத்தில் ஓடி வந்து செங்கல் மாதிரி அடுக்கிக்கொள்ளும். இன்னொன்று ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்கள். செங்கலைப் பிடித்து நிறுத்தும் சிமெண்ட் மாதிரி. இந்தப் புரதங்களைத் தயாரிக்கும் தொழிற்சாலை நம்முடைய கல்லீரல்.

ஆனால் கல்லீரல் சிமெண்டை மட்டும் தயாரிப்பதில்லை. 'போதும், நிறுத்து' என்று சொல்கிற புரதங்களையும் அதுதான் தயாரிக்கிறது. ஆன்டித்ராம்பின், புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் என்று அவற்றுக்குப் பெயர். ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன!

இப்போது சிகிச்சைக்கு வருவோம். முதல் கட்டத்தில் உங்கள் பிள்ளைக்குப் போடும் முக்கியமான ஊசிகளில் ஒன்று 'அஸ்பராஜினேஸ்'. கேஸ் ஷீட்டில் பார்த்திருப்பீர்கள். அஸ்பராஜின் என்ற சத்து இல்லாமல் புற்றணுக்களால் வாழ முடியாது. மற்ற அணுக்கள் அதைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். புற்றணுவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, ரத்தத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். இந்த ஊசி ரத்தத்தில் உள்ள அஸ்பராஜினைச் சிதைத்துவிடுகிறது. சோறு தண்ணி இல்லாமல் புற்றணு சாகிறது.

கினி எலியின் சீரத்துக்குப் புற்றணுவை அழிக்கும் சக்தி இருப்பதை 1953-ல் அமெரிக்காவில் ஜான் கிட் என்பவர் கவனித்தார். அதற்குக் காரணம் அஸ்பராஜினேஸ்தான் என்று 1961-ல் ஜான் புரூம் கண்டுபிடித்துச் சொன்னார். அப்படி வந்தது இந்த மருந்து.

நல்ல மருந்துதான். ஆனால் கல்லீரலுக்கும் புரதம் தயாரிக்க அஸ்பராஜின் வேண்டுமே! அது குறைந்ததும் தொழிற்சாலையில் உற்பத்தி சுணங்குகிறது. ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டும் குறைகின்றன. பிரேக் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்துவிட்டால்...? ரத்தம் இருக்கிற இடத்திலேயே கட்டி தட்டிவிடும்.

இதோடு சேர்த்துக் கொடுப்பது ஸ்டீராய்டு மாத்திரை. அது உறையவைக்கும் சில புரதங்களை அதிகப்படுத்தும். புற்றணுக்களே உறைதலைத் தூண்டிவிடும் குணம் கொண்டவை. மருந்து ஏற்றுவதற்காகக் கழுத்திலோ நெஞ்சிலோ கையிலோ பெரிய சிரைக்குள் வைக்கும் குழாய் இருக்கிறதே, அதுவும் உள்சுவரை உறுத்திக்கொண்டே இருக்கும். இவ்வளவும் ஒரே மாதத்தில் ஒன்று சேர்கின்றன. அதனால்தான் முதல் மாதம் ஆபத்தான மாதம். தட்டணு குறைவாக இருப்பது மட்டும் இதைத் தடுத்துவிடாது.

ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ச்சோ என்று ஒரு மருத்துவ மேதை இருந்தார். இந்த நோய்க்கு 'லுக்கேமியா' என்று 1847-ல் பெயர் வைத்தவர் அவர்தான். ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைவதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியவரும் அவரேதான்! குழாயின் சுவர் கெடுவது, ஓட்டம் மந்தமாவது, ரத்தத்தின் தன்மை மாறுவது... இந்த மூன்றையும் 'விர்ச்சோவின் மூன்று காரணங்கள்' என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். லுக்கேமியா பிள்ளைக்கு மூன்றுமே இருக்கின்றன.

யாருக்கு ஆபத்து கூடுதல்?

- 10 வயதைத் தாண்டிய பிள்ளைகள். சின்னக் குழந்தைகளைவிட இவர்களுக்கு அதிகமாக வருகிறது.
- உடல் பருமன் உள்ளவர்கள்.
- பெரிய சிரையில் குழாய் வைத்திருப்பவர்கள்.
- நெஞ்சுக்குள் நோய்க்கட்டி பெரிதாக இருப்பவர்கள்.
- காய்ச்சல், கிருமித் தொற்று வந்து படுத்த படுக்கையாக இருப்பவர்கள்.
- வாந்தி, பேதியால் உடம்பில் நீர் வற்றியவர்கள்.
- குடும்பத்தில் சின்ன வயதிலேயே யாருக்காவது கால் சிரை அடைப்போ, நுரையீரல் அடைப்போ வந்திருந்தால் அந்தப் பிள்ளைகள்.

கடைசியாகச் சொன்னதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகவே சொல்லுங்கள். 'எங்க அண்ணனுக்கு 30 வயசுல கால்ல ரத்தம் கட்டிருச்சு' என்பது உங்களுக்குப் பழைய கதை. டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

மதுரைக்குத் தெரிந்த நோய்தான்

மூளையின் சிரையில் ரத்தம் உறைவது மதுரை டாக்டர்களுக்குப் புதிதல்ல. கர்ப்பிணிகளுக்கும் பிரசவமான தாய்மார்களுக்கும் வரும் மூளை ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றி, 135 பேரை ஆராய்ந்து மதுரை நரம்பியல் டாக்டர் கே. சீனிவாசன் 1983-ல் எழுதிய கட்டுரையை உலக மருத்துவ நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று தாகத்தோடு போட்டுவைத்த காலம் ஒன்று இருந்தது. உடம்பில் நீர் வற்றுவதும் ரத்தம் உறைய ஒரு காரணம் என்பதை இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர் வெயில் அப்படி! சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. தேனியிலிருந்தும், ராமநாதபுரத்திலிருந்தும், விருதுநகர் பக்கமிருந்தும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருகிறீர்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பிள்ளை வாடி வதங்கிப் போயிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று கே.கே. நகரிலோ அண்ணா நகரிலோ ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறவர்களும் உண்டு. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை மதியத்தில் அடுப்பு மாதிரி கொதிக்கும். பிள்ளை வாய் கசக்கிறது என்று எதையும் குடிக்காது.

கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றிவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வடிகஞ்சியும் கொடுக்கலாம். ஒரு நாளைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரோட்டோர ஜூஸ், ஐஸ் போட்ட சர்பத், ஜிகர்தண்டா எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்பு, கிருமி சுலபமாகத் தொற்றிவிடும். தவிர, இந்த ஊசியும் ஸ்டீராய்டும் சேர்ந்து சர்க்கரையையும் ஏற்றிவிடக் கூடியவை.

இந்த அறிகுறிகளை மறக்காதீர்கள்

*மூளையில் அடைத்தால்:* தலைவலிதான் முதல் தூது. விடாமல் வலிக்கும், நாளுக்கு நாள் கூடும். கூடவே வாந்தி, பார்வை மங்கல், ஒன்று இரண்டாகத் தெரிவது, காரணமில்லாத தூக்கக் கலக்கம், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு. பேச்சு வராத குழந்தை தலையைப் பிடித்துக்கொண்டு ஓயாமல் அழும்.

*கை, கழுத்துப் பக்கம் அடைத்தால்:* குழாய் வைத்த பக்கம் கை வீங்கும். கழுத்தும் முகமும் உப்பும். நெஞ்சிலும் தோளிலும் நீல நரம்புகள் பளிச்சென்று தெரியும். குழாயில் மருந்து ஏறாது, அல்லது ரத்தம் எடுக்க வராது. நர்ஸ், "லைன் சரியா வரலை" என்று சொன்னால் நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள்.

*காலில் அடைத்தால்:* ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்கால் வலிக்கும், சூடாக இருக்கும், நிறம் மாறும்.

*நுரையீரலில் அடைத்தால்:* திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும், இருமலில் ரத்தம் வரலாம், மயக்கம் வரலாம்.

இதில் எது தெரிந்தாலும் 'காலையில் பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள். உங்கள் வார்டு நம்பருக்குப் போன் செய்யுங்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் உடனே 108. எடுக்கிறவரிடம் முதல் வாக்கியமாகவே, "பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை நடக்குது, அஸ்பராஜினேஸ் ஊசி போட்டிருக்காங்க" என்று சொல்லுங்கள். புதிய டாக்டர் யார் பார்த்தாலும் அந்த ஒரு வரி அவரைச் சரியான திசையில் யோசிக்க வைக்கும்.

தலைவலியில் ஒரு குழப்பம்

இந்தப் பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு மருந்து செலுத்துவார்கள். அதற்குப் பிறகும் சிலருக்குத் தலைவலி வரும். அது பெரும்பாலும் உட்கார்ந்தால், நின்றால் கூடும். படுத்தால் குறையும். சில நாளில் போய்விடும்.

அடைப்பினால் வரும் தலைவலி பெரும்பாலும் படுத்தாலும் குறையாது. சிலருக்குப் படுத்தால் கூடும், விடியற்காலையில் எழுப்பிவிடும். ஆனால் இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு வீட்டில் நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். முதுகு ஊசித் தலைவலி தன் குணத்தை மாற்றிக்கொண்டாலும் சொல்ல வேண்டியதுதான்.

வீட்டில் என்ன நடக்கிறது, யோசித்துப் பாருங்கள். "தலை வலிக்குதும்மா" என்கிறது பிள்ளை. "வெயில்ல வந்ததுல சூடு பிடிச்சிருக்கும்" என்று அப்பத்தா தைலம் தேய்க்கிறார். மறுநாளும் வலிக்கிறது. அப்பா தெருமுனை மெடிக்கலில் ஒரு வலி மாத்திரை வாங்கி வருகிறார். மூன்றாம் நாள் வலிப்பு! யாருக்கும் பாசம் குறைவில்லை. போனது மூன்று நாள். அந்த மூன்று நாள்தான் விலை உயர்ந்தது.

செய்யவே கூடாதவை

வீங்கிய காலைச் சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவி விடாதீர்கள்! சுளுக்கு எடுப்பவரிடமும் கூட்டிப்போகாதீர்கள். உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடலாம். உயிருக்கே ஆபத்து.

ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை நீங்களாகக் கொடுக்காதீர்கள். தட்டணு குறைந்த பிள்ளைக்கு இவை ரத்தக் கசிவை உண்டாக்கும். வெளியில் தசை ஊசியும் போடக் கூடாது. நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

கண்டுபிடித்தால் என்ன செய்வார்கள்?

கை கால் என்றால் டாப்ளர் ஸ்கேன். வலி கிடையாது. மூளை என்றால் சிரைகளைக் காட்டும்படியாக எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுப்பார்கள். 'சாதாரண சி.டி.யில் ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களே' என்றால், சிரைகளையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். சாதாரண சி.டி.யில் இந்த அடைப்பு தெரியாமலும் போகலாம்.

சிகிச்சை பெரும்பாலும் ஹெப்பாரின் வகை ஊசி. எனாக்ஸாபாரின் என்பது அதிகம் பயன்படுவது. தோலுக்கு அடியில், வயிற்றிலோ தொடையிலோ போடும் சின்ன ஊசி. வீட்டிலேயே போட உங்களுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம் போட வேண்டியிருக்கும்.

இரண்டு விஷயம் கவனம். தட்டணு ரொம்பக் குறைந்தால் ஊசியின் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள், சில சமயம் தட்டணு ஏற்றிவிட்டுப் போடுவார்கள். அதனால் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்தது, முதுகுத்தண்டு ஊசிக்கு முன்பு இந்த ஊசியை ஒரு நாள் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கசியலாம். "நேத்து ராத்திரி ஊசி போட்டோம்" என்பதை நீங்கள்தான் ஞாபகமாகச் சொல்ல வேண்டும்.

முன்கூட்டியே தடுக்க முடியாதா?

முயற்சிகள் நடந்திருக்கின்றன. ஜெர்மனி டாக்டர்கள் 949 குழந்தைகளிடம் மூன்று விதத் தடுப்பு முறைகளை ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு சாதாரண ஹெப்பாரின் கொடுத்தவர்களில் 100-க்கு 8 பேருக்கு ரத்தம் உறைந்தது. எனாக்ஸாபாரின் கொடுத்தவர்களில் 3.5. ஆன்டித்ராம்பின் ஏற்றியவர்களில் 1.9.

அபிக்சபான் என்ற மருந்தை 512 குழந்தைகளுக்குப் பரிசோதித்த இன்னொரு ஆய்வு 2024-ல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்கு 12 பேருக்கும், சாப்பிடாதவர்களில் 18 பேருக்கும் அடைப்பு. ஸ்கேன் செய்து தேடிப் பார்த்ததால், அறிகுறி இல்லாத கட்டிகளும் இதில் சேர்த்தி. மொத்தத்தில் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் உடல் பருமனான பிள்ளைகளுக்குப் பலன் தெரிந்தது. எனவே 'எல்லாப் பிள்ளைக்கும் தடுப்பு மருந்து' என்று ஒரே விதி போட முடியவில்லை. உங்கள் பிள்ளைக்குத் தேவையா என்பதை ஆபத்தை எடைபோட்டு டாக்டர்தான் முடிவு செய்வார். கேட்பதில் தப்பே இல்லை.

"அப்படின்னா அந்த ஊசியே வேண்டாம் டாக்டர்!"

இப்படி மட்டும் சொல்லிவிடாதீர்கள். 1984-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும், மும்பை டாடா மருத்துவமனையும், டெல்லி எய்ம்ஸும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து ஒரே மாதிரியான சிகிச்சை முறையைக் கொண்டுவந்தன. 'எம்.சி.பி. 841' என்று பெயர். டாக்டர் வி. சாந்தா அதில் முன்னின்று உழைத்தவர். அந்த முறையிலும் அஸ்பராஜினேஸ் ஒரு தூண். அதற்குப் பிறகுதான் நம் நாட்டில் பிழைக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும்படி ஏறியது. இந்த மருந்து அரைகுறையாகப் போனால், நோய் மறுபடி தலைதூக்கும் ஆபத்து உண்டு.

அடைப்பு வந்துவிட்டால்கூட, அது கட்டுக்குள் வந்த பிறகு, ஹெப்பாரின் பாதுகாப்போடு பல பிள்ளைகளுக்கு மறுபடி இதே ஊசியைப் போடுகிறார்கள். பயந்துகொண்டு பாதியில் நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விடுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. பணம்தான் பிரச்சினை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் முதல் நாளே பேசுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, போட்ட ஊசியின் பெயர், தட்டணு எண்ணிக்கை, காய்ச்சல், குடித்த தண்ணீர், சிறுநீர் போன தடவை என்று எழுதிவாருங்கள். தினமும் குளிக்க வைக்கும்போது இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு காலையும் அப்படியே. ஒன்று பெருத்திருக்கிறதா? கழுத்தில் நரம்பு புடைத்திருக்கிறதா? ஒரு நிமிட வேலை.

முடிந்த அளவு பிள்ளையை நடக்க விடுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வராண்டாவில் நாலு நடை. பாவம், படுத்திருக்கட்டும் என்று நாள் முழுக்கக் கட்டிலிலேயே வைத்திருக்க வேண்டாம். பஸ்ஸில் வந்தால் கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அதுவும் அவசரம்தான். அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

நோட்டின் முதல் பக்கத்தில் வார்டு போன் நம்பரையும், பிள்ளையின் ரத்த வகையையும், நடக்கிற சிகிச்சையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டில் தாத்தா பாட்டிக்கும் இந்த அறிகுறிகளை ஒரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள். நீங்கள் மருந்து வாங்கப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளையோடு இருக்கப்போவது அவர்கள்தானே!